அணையக் கூடாத போன்

போன வாரம் நம் பள்ளிக்கூட குரூப்பில் ஒருத்தி, "அந்த வயசுல நாமெல்லாம் எவ்ளோ நல்ல புள்ளைங்களா இருந்தோம்ல" என்று எழுதி, கீழே இதயமாக அடுக்கியிருந்தாள். நீங்கள் எல்லோரும் பதிலுக்கு இதயம் போட்டீர்கள். நான் போடவில்லை. முப்பது வருவதற்குள் முட்டிக்குத் தைலம் தேய்க்க ஆரம்பித்துவிட்ட கூட்டம் நாம். கம்பெனி லைனில் நின்றே பாதி ஆயுசு போன கால்கள். கிழவிகளாகிவிட்டோம், அதனால் நல்ல பிள்ளைகளாக இருந்ததாக நினைத்துக்கொள்ள ஆசை வந்துவிட்டது. உங்களைப் பற்றி எனக்குத் தெரியாது. நான் நல்ல பிள்ளையாக இருக்கவில்லை. இதை உங்களிடம்தான் சொல்ல முடியும், ஏனென்றால் அந்த வருஷம் என் கையில் இருந்த போனை நீங்கள் எல்லோரும் பார்த்திருக்கிறீர்கள். ஒரு நிமிஷம் கொடுடீ என்று கெஞ்சியும் இருக்கிறீர்கள்.

அந்தப் போன் இன்னும் என் பீரோவின் அடித்தட்டில் கிடக்கிறது. கறுப்பு ஐபோன், முதுகில் சார்ஜர் ஓட்டையிலிருந்து கிளம்பிய ஒரு விரிசல், பட்டை வாய் வைத்த பழைய சார்ஜர். ஐப்பசியில் ஒருநாள் கரண்ட் போய், இன்வெர்ட்டரும் படுத்து, போன் அணைந்தது. அண்ணன் லேப்டாப்பில் மாட்டிப் பார்த்தும் எழவே இல்லை. எனக்கு முழுசாக அரை வருஷம்கூட உழைக்கவில்லை. அதற்காக நான் செய்ததைத்தான் சொல்லப் போகிறேன்.

எங்கள் வீடு இருங்காட்டுக்கோட்டையில், மாதா சிலை வைத்த கெபிக்கு எதிர்ச் சந்து. முன்னால் நாங்கள். பின்னால் அப்பா வரிசையாகக் கட்டி வாடகைக்கு விட்ட அறைகள். கம்பெனிகள் வந்த பிறகு அந்தப் பக்கம் ரெண்டு சென்ட் நிலம் வைத்திருந்தவன்கூட அறை கட்டினான். தெற்கத்திப் பெண்கள் மூன்று பேர், நான்கு பேராக வந்து தங்குவார்கள். எல்லோரும் கான்ட்ராக்ட். வெயில் காலத்தில் கரண்ட் எப்போது போகும், எப்போது வரும் என்று யாருக்கும் தெரியாது. வரும்போது சந்து முழுக்க ஒரே கூச்சலாக இருக்கும். எங்கள் வீட்டில் மட்டும் இன்வெர்ட்டர் உண்டு. அந்தத் திமிர் எனக்கு நிறைய இருந்தது.

அவர்களில் நான் அக்கா என்று கூப்பிட்டவள் கோவில்பட்டிப் பக்கத்திலிருந்து வந்தவள். கடைசி அறையில் இன்னும் இரண்டு பெண்களோடு இருந்தாள். வண்டிக்கு வயரிங் பண்ணுகிற கம்பெனியில் வேலை. விரல் நுனியெல்லாம் கறுப்பு டேப்பின் பசை ஒட்டியிருக்கும், தேங்காய் எண்ணெய் போட்டுத் தேய்த்து எடுப்பாள். அவளுக்கு ஒருவர் இருந்தார். முன்னே இங்கேயே வேலை பார்த்தவர், கம்பெனி பஸ்ஸில் பழக்கம். ராமநாதபுரம் பக்கத்துக்காரர். துபாய்ப் பக்கம் கப்பல் பழுது பார்க்கிற இடத்தில் வெல்டராகப் போய்விட்டார். அங்கே பழைய சாமான் சந்தையில் வாங்கின ஐபோனை ஊருக்கு வந்த ஆள் மூலம் அவளுக்குக் கொடுத்தனுப்பினார். வந்து சேர்ந்த போனில் நம்மூர் சிம் எடுக்கவில்லை. ஏதோ ஒரு நாட்டுக் கம்பெனியின் பூட்டு அதில் இருந்தது.

பூட்டைத் திறந்தது என் அண்ணன். தண்டலத்துக் கல்லூரியில் டிப்ளமோ படித்துக்கொண்டிருந்தான், லேப்டாப் வைத்திருந்தான். போனைச் செய்தவர்கள் அதைச் சுற்றி ஒரு சுவர் எழுப்பித்தான் கையில் கொடுப்பார்கள், அந்தச் சுவரை உடைப்பதற்கு ஜெயில்பிரேக் என்று பெயர். ஒரு மத்தியானம் முழுக்க உட்கார்ந்து உடைத்தான். முடிந்ததும் திரையில் பழுப்பு நிறத்தில் அட்டைப்பெட்டி மாதிரி ஒரு படம் வந்து உட்கார்ந்தது. அது ஒரு கடை. கம்பெனிக்காரனின் கடையில் கிடைக்காத சாமானெல்லாம் அதில் கிடைக்கும். அதிலிருந்து ஒன்றை இறக்கிப் போட்டான், சிம் எடுத்துக்கொண்டது. அக்காவுக்கு வாய் கொள்ளாத சிரிப்பு. அண்ணன் ஒரு நிபந்தனை சொன்னான். போன் ஒருபோதும் அணையக் கூடாது. அணைந்தால் மறுபடி லேப்டாப்பில் மாட்டித்தான் எழுப்ப வேண்டும்.

கம்பெனிக்குள் கேமரா போன் கொண்டுபோக விடமாட்டார்கள். அறையில் வைத்துவிட்டுப் போனால் கரண்ட் போய்ச் செத்துவிடும். அதோடு கூட இருந்த பெண்கள் இரண்டு பேரும் அவள் தாலுகாக்காரிகள், அவர் விஷயம் தெரிந்தால் மறுநாளே ஊருக்குச் சேதி போய்விடும். அதனால் அக்கா ஷிப்டுக்குப் போகும்போது போனை எங்கள் வீட்டில் இன்வெர்ட்டர் பிளக்கில் மாட்டிவிட்டுப் போக அம்மாவிடம் கேட்டாள். அம்மா, அதுக்கின்னா, பாப்பா பார்த்துக்குவா என்று சொல்லிவிட்டாள். பாப்பா என்றால் நான். ஒன்பதாம் வகுப்புப் பரீட்சை முடிந்து லீவு ஆரம்பித்திருந்தது. காலை ஆறிலிருந்து அக்கா மூன்று மணிக்கு மேல் வந்து சேரும்வரை அந்தப் போன் என்னிடம்தான்.

அந்தப் பழுப்புப் பெட்டிக்கு ஓர் ஆங்கிலப் பெயர் உண்டு. நான் அதைப் பொட்டிக்கடை என்பேன். முதலில் அண்ணன் தோளுக்குப் பின்னால் நின்று பார்த்தேன், பிறகு நானே. கடைக்குள் யார் யாரோ தனித்தனியாகச் சரக்கு வைத்திருப்பார்கள். அவர்களுடைய முகவரியைச் சேர்த்தால் பட்டியல் இறங்கும். இறங்க இறங்க எச்சில் ஊறும். ஒன்றைத் தொட்டுப் போடு என்றால் கறுப்புத் திரையில் வெள்ளை எழுத்து தடதடவென்று ஓடும். ஓடி முடிந்ததும் திரை இருண்டு, நடுவில் ஒரு சக்கரம் சுற்றும். நான் மூச்சை அடக்கிக்கொண்டு இருப்பேன். சக்கரம் நின்றால் போன் புது முகத்தோடு வரும்.

என்னவெல்லாம் செய்தேன் தெரியுமா? சதுரப் படங்களை எல்லாம் வட்டமாக்கினேன். பேட்டரிக் குறியை மெழுகுவர்த்தியாக மாற்றினேன், சார்ஜ் இறங்க இறங்க மெழுகு உருகும். பூட்டைத் தள்ளுகிற இடத்தில் 'தொட்டால் உதை' என்று வரவழைத்தேன், அது தமிழில் தெரிவதற்காக ஒரு எழுத்துருவைத் தேடி இரண்டு நாள் அலைந்தேன். மேலே மூலையில் சிம் கம்பெனியின் பெயர் இருக்கும் இல்லையா, அதை எடுத்துவிட்டு என் பெயரைப் போட்டேன். அக்கா அதைப் பார்த்ததும் கோபிக்கவில்லை. கன்னத்தைக் கிள்ளி, "ஏட்டி, ஒன் பேரயே போட்டுக்கிட்டியா, கள்ளி" என்று சிரித்தாள்.

கடையில் எனக்கு ரொம்பப் பிடித்த ஒரு மரியாதை உண்டு. ஏதாவது ஒன்றை நீக்கு என்றால் உடனே நீக்காது. அதை நம்பி நிற்கிற மற்றதையெல்லாம் பட்டியல் போட்டு, இவையும் கூடவே போய்விடும், சம்மதமா என்று கேட்கும். ஒருநாள் நான் படிக்காமல் சம்மதம் கொடுத்துவிட்டேன். சிம்மை எடுக்கவைத்த சரக்கும் சேர்ந்து போய்விட்டது. அண்ணன் பளார் என்று அறைந்தான். அக்கா ஓடிவந்து என்னை இழுத்து மடியோடு சேர்த்துக்கொண்டு, விடுங்க தம்பி, சின்னப் பிள்ளதான என்றாள். அவள் சட்டையில் ரப்பர் சூடான வாடை அடித்தது. இதையும் சொல்லிவிடுகிறேன், அவள் என்னை ஒரு தடவைகூடத் திட்டியதில்லை.

அவர்கள் பேசிக்கொள்கிற முறையை இப்போது சொல்ல வேண்டும். அக்கா ஷிப்டு முடிந்து வந்து, முகம் கழுவி, எங்கள் வீட்டுப் பின்வாசலில் மோட்டார் பெட்டிமேல் உட்காருவாள். அவருக்கு அடிப்பாள். அவர் எடுக்க மாட்டார். ஒரு ரிங் போனதும் வெட்டிவிடுவார். வெளிநாட்டுக்குப் பேசினால் அவள் போட்டிருக்கிற காசு எடுத்த கையோடு தீர்ந்துவிடும், அதனால் அவர் வெட்டிவிட்டுத் தன் காசில் திரும்பக் கூப்பிடுவார். அக்கா வெட்டு விழுந்ததும் என்னைப் பார்த்துச் சிரிப்பாள். "பாத்தியா, வெட்டிட்டாவ." பிறகு ஒன்று, இரண்டு என்று விரல் விட்டு எண்ணுவாள். பத்தைத் தாண்டினதே இல்லை. அதற்குள் போன் அதிரும். எங்கள் பக்கத்துப் பெண்கள் பாதிப் பேர் அப்படித்தான் காதலித்தார்கள், உங்களுக்கே தெரியும். வெட்டினால் அன்பு என்று அர்த்தம்.

ஊரில் அக்காவின் அப்பா அவளுடைய மாமன் மகனுக்குப் பேசி வைத்திருந்தார். அவள் ஓ.டி. இருக்கு, லீவு இல்லை என்று சொல்லிச் சொல்லித் தள்ளிப்போட்டுக்கொண்டே வந்தாள். அவர் லீவில் வந்து, அம்மாவைக் கூட்டிக்கொண்டுபோய் நேரில் பெண் கேட்பதாகப் பேச்சு. அவள் வாழ்க்கை மொத்தமும் அந்த ஒரு வரவில் நின்றது. இது எனக்கு நன்றாகத் தெரியும். என்னிடம்தான் எல்லாவற்றையும் சொல்வாள், ஏனென்றால் மெசேஜ் அடிப்பது நான். போனில் தமிழ் அடிக்க வராது, இங்கிலீஷ் எழுத்தில் தமிழ் அடிக்க அவளுக்கு ஒரு யுகம் ஆகும். அவள் சொல்லச் சொல்ல நான் அடிப்பேன்.

சித்திரையில் ஒருநாள் பேசி முடித்துவிட்டு வந்தவள் என் கையைப் பிடித்துச் சுற்றினாள். வைகாசிக் கடைசியில் லீவு கிடைத்துவிடுமாம். எனக்கும் சந்தோஷமாகத்தான் இருந்தது. பிறகு அவள் சொன்னாள்.

"வரும்போது எனக்குப் புதுப் போன் கொண்டாராவளாம் பாப்பா. இத அவுக தங்கச்சிக்குக் குடுத்திரணுமாம், காலேசு சேருதால்லா. நீ போட்டதெல்லாம் எடுத்துட்டு, பழையமாரி ஆக்கி வச்சிரு, என்ன?"

எவ்வளவு பிரியமாகச் சொன்னாள்! எனக்கு வயிறு எரிந்தது. மெழுகுவர்த்தியை எடுக்கணுமாம். என் பெயரை எடுக்கணுமாம். முகம் தெரியாத ஒரு காலேஜ்காரி கையில் கொடுக்கணுமாம். ராத்திரி பகல் பார்க்காமல் பார்த்துக்கொண்டவள் நான், அவள் யார்? சரிக்கா என்றேன். உள்ளே போய்த் தலையணையைக் கடித்தேன். இதற்கு மேல் ஒரு காரணமும் இல்லை தோழிகளே. அக்காமேல் கோபமில்லை, அந்த மனுஷன்மேலும் கோபமில்லை. எனக்குப் போன் வேண்டும், அவ்வளவுதான்.

மறுநாள் காலையில் பொட்டிக்கடைக்குப் போனேன். வேண்டாத நம்பரை அடைத்து வைக்கிற சரக்கு ஒன்று உண்டு, முன்பே பார்த்து வைத்திருந்தேன். இறக்கிப் போட்டேன். சக்கரம் சுற்றி நின்றது. அப்பாவின் நம்பரை அதில் எழுதி, அப்பாவின் போனிலிருந்து அடித்துப் பார்த்தேன். அங்கே 'பீப் பீப்' என்று பிஸி சத்தம் கேட்டது. இங்கே என் கையில் இருந்த போன் அசையக்கூட இல்லை. வந்த அழைப்பையும் மெசேஜையும் அது யாருக்கும் தெரியாத ஓர் அறையில் வரிசையாகப் போட்டு வைத்துக்கொள்ளும். அதன் படத்தைத் திரையிலிருந்தே மறைத்துவிடலாம். மறைத்தேன். அப்பாவின் நம்பரை அழித்துவிட்டு அவர் நம்பரை எழுதினேன்.

அன்றைக்கு மாங்காய் கீறி மிளகாய்த்தூள் போட்டுத் தின்றுகொண்டிருந்தேன். அக்கா வந்து மோட்டார் பெட்டிமேல் உட்கார்ந்தாள். அடித்தாள். வெட்டு விழுந்தது. என்னைப் பார்த்துச் சிரித்து எண்ண ஆரம்பித்தாள். பத்து வந்தது. பதினைந்து வந்தது. இருபதில் நிறுத்திவிட்டு மறுபடி அடித்தாள். அவர் மறுபடி வெட்டினார். மூன்றாம் தடவையும் வெட்டினார். வேலையா இருப்பாவ போல என்று எழுந்து போனாள். நான் மாங்காய்க் கொட்டையைச் சப்பிக்கொண்டே அவள் முதுகைப் பார்த்தேன். மறுநாள் அந்த மறைவு அறையைத் திறந்தால், அவள் எண்ணிக்கொண்டிருந்த அதே நிமிஷங்களில் அவருடைய அழைப்புகள் ஒன்றன்கீழ் ஒன்றாகக் கிடந்தன. அவர் அவள் காசை மிச்சம் பிடிக்க வெட்டினார். அவள் தன்னையே வெட்டியதாக நினைத்தாள். அவருக்கோ எந்நேரமும் பிஸி சத்தம். வேறு யாருடனோ பேசுகிறாள் என்று நினைக்க அது போதும்.

ஒரு வாரம் இப்படிப் போனது. அக்காவின் எண்ணுகிற பழக்கம் நின்றுவிட்டது. அடிப்பாள், வெட்டு விழுந்ததும் போனைக் கவிழ்த்து மடியில் வைத்துக்கொள்வாள். பிறகு ஒருநாள் மெசேஜ் அனுப்பச் சொன்னாள். நான் என்ன தப்பு செஞ்சேன், எதுனாலும் திட்டியாவது சொல்லிடுங்க, வீட்டுல நெருக்குதாவ என்று மூன்று வரி. நான் ஒரு எழுத்து விடாமல் அடித்தேன். அடித்துவிட்டு மொத்தத்தையும் அழித்தேன்.

"போயிடுச்சிக்கா" என்றேன்.

நம்பினாள். நன்றி சொன்னாள். பாவி, எனக்கு நன்றி சொன்னாள்!

நான்கைந்து நாள் கழித்துக் காலையில், அவள் ஷிப்டில் இருக்கும் நேரத்தில், புது நம்பரிலிருந்து போன் அடித்தது. யாரிடமோ கடன் வாங்கிய போன். எடுத்தேன். பின்னால் இரும்பு அடிக்கிற சத்தம் கேட்டது. பாப்பாவா, அக்கா எப்ப வருவா, அவளுக்கு உடம்புக்கு ஒண்ணும் இல்லையே என்று கேட்டார். மனுஷன் முதலில் கேட்டது அதைத்தான். அந்த இடத்திலாவது நான் நிறுத்தியிருக்கலாம். தெரியாமல் நடந்துவிட்டது, போனில் கோளாறு என்று ஒரு பொய் சொல்லி எல்லாவற்றையும் எடுத்திருக்கலாம். அப்படிச் சொல்ல எனக்குத் தெரியும், பொய்யில் எனக்குத் தடுமாற்றமே கிடையாது.

"அக்கா உங்ககிட்ட பேச மாட்டாங்களாம். யாராச்சும் கேட்டா சொல்லிடச் சொன்னாங்க" என்றேன்.

அவர் போனை வைத்துவிட்டார். நான் போய்ப் போனில் பெயரோடு பதிந்து வைக்காத எந்த நம்பரும் உள்ளே வரக் கூடாது என்று அடைத்துவிட்டு, தட்டில் ஆறிக்கொண்டிருந்த இட்லியைத் தின்றேன்.

மே மாதம் மாதா வணக்க மாதம். தினமும் சாயங்காலம் கெபியில் ஜெபமாலை, சனிக்கிழமை பாவசங்கீர்த்தனம். வரிசையில் நின்றேன், முழங்கால் போட்டேன், ஒரு அக்காகிட்ட பொய் சொன்னேன் சாமி என்றேன். சாமியார் என்ன பொய் என்று கேட்கவில்லை. பெரியவர்களுக்குக் கீழ்ப்படிந்து நடக்கச் சொல்லி, 'அருள் நிறைந்த மரியே' ஜெபத்தை மூன்று தடவை சொல்லச் சொன்னார். எனக்குப் பின்னால் நின்றவள் முழங்கால் போட்டு எழுவதற்குள் சொல்லி முடித்துவிட்டேன்.

அக்கா எங்கள் சமையல்கட்டில் உட்கார்ந்து உடைந்து அழுதபோதுதான் அம்மாவுக்கு முழு விஷயமும் தெரிந்தது. அம்மாவிடம் தீர்ப்பு தயாராக இருந்தது. அங்க எவளாச்சும் கெடைச்சிருப்பா, நீ இன்னாத்துக்கு அழுதுகினு கீற, உங்கப்பா சொல்ற பையனைக் கட்டிகினு நல்லா இரு என்றாள். அப்பா அதை மற்ற அறைப் பெண்களுக்கும் பாடமாக்கினார். காலையில் மோட்டார் போடும்போது குடத்தோடு நிற்கிறவர்களிடம், போனில் பேசுகிறவனை நம்பினால் இதுதான் கதி என்பார். அக்காவும் குடத்தோடு அந்த வரிசையில்தான் நிற்பாள். ரகசியம் அதோடு போயிற்று. ஊரிலிருந்து அவள் அப்பாவே கிளம்பி வந்துவிட்டார். ஆடி பிறக்குமுன், ஆனியிலேயே முகூர்த்தம் என்றார். அவள் தலையைக்கூட நிமிர்த்தாமல் சரி என்றாள்.

கிளம்புகிற அன்று போனைச் சார்ஜரோடு சுற்றி என் கையில் வைத்தாள்.

"நீதான பாத்துக்கிட்ட. நீயே வச்சுக்க பாப்பா. சிம்மும் அதுலயே கெடக்கட்டும், எனக்கு அந்த நம்பரே வேண்டாம்."

நான் அழுதேன். நிஜமாகவே கண்ணீர் வந்தது, ஏனென்று எனக்கே தெரியவில்லை. அம்மா என் தலையைத் தடவி, பாரு, உன்மேல எவ்ளோ உசுரு வெச்சிருக்கா என்று அக்காவிடம் பெருமையாகச் சொன்னாள். அக்கா என்னை இறுக்கிக் கட்டிக்கொண்டாள். அவள் தோளுக்கு மேலாக நான் போனைப் பார்த்தேன். மேல் மூலையில் என் பெயர் இருந்தது.

பள்ளிக்கூடம் திறந்ததும் அதைக் கொண்டுவந்து உங்களிடம் காட்டினேன், ஞாபகம் இருக்கும். அந்த வாரம் சும்மா இருந்த ஒரு மத்தியானம் மறைவு அறையைத் திறந்து கடைசிவரை தள்ளிப் பார்த்தேன். கட்டை விரல் வலித்தது. அழைப்புகளுக்கு நடுவே மெசேஜும் இருந்தது. லீவு தள்ளிப் போய்விட்டது என்று ஒன்று. ஒன்றில், எப்போ அடிச்சாலும் பிஸி, யாரு அது என்று கோபம். அடுத்ததிலேயே மன்னிப்பு. கடைசியாக ஒன்று. 'மாட்டேன்னு சொல்றதுக்காவது ஒரு தடவ எடு. நீ சொல்லு, நான் நம்புறேன்.' படித்தேன். யாரிடமும் சொல்லவில்லை, அழிக்கவும் இல்லை. அக்காவின் கல்யாணப் பத்திரிகை தபாலில் வந்து, மஞ்சள் தடவிய மூலையோடு டிவி மேல் நின்றுகொண்டிருந்தது. தேதிக்கு இன்னும் நிறைய நாள் இருந்தது. அதில் அவள் அப்பாவின் நம்பர்கூட அச்சாகியிருந்தது. ஒரு போன் போதும். என் கையில் இருந்ததும் போன்தான்.

அவர் வந்தது ஒரு ஞாயிற்றுக்கிழமை. நாங்கள் பூசை முடிந்து வந்து உடைகூட மாற்றவில்லை. சந்தில் பெட்டியை இழுத்துக்கொண்டு ஒருவர் வந்தார். ஒல்லியாக, முகம் கருகிப்போய், மடிப்புக் கலையாத புதுச் சட்டையோடு. பெட்டிக் கைப்பிடியில் விமான நிலையத்துச் சீட்டு இன்னும் தொங்கியது. மனுஷன் ஊருக்குக்கூடப் போகாமல் நேராக இங்கே வந்திருக்கிறார். அக்கா அவரிடம் சொல்லியிருந்த வீட்டு அடையாளம் எல்லாம் சரியாக இருக்க, எங்கள் பச்சை கேட்டைத் தட்டி அக்கா பெயரைச் சொன்னார்.

அம்மாவுக்கு ஆள் யாரென்று புரிந்துவிட்டது. இடுப்பில் சேலையைச் செருகிக்கொண்டு போனாள். நான் பின்னாலேயே போனேன், போன் கையில்.

"இப்பதான் வழி தெரிஞ்சுதா? அவளுக்குக் கல்யாணம் முடிஞ்சி, புருஷன் வூட்டுக்குப் போயி ஒரு வாரம் ஆவுது. இன்னொரு தபா இந்தப் பக்கம் வந்தினா நடக்கறதே வேற."

கல்யாணத்துக்கு இன்னும் ஐந்து நாள் இருந்தது. அம்மா பொய் சொல்லி நான் கேட்டது அதுதான் முதல் தடவை. ஒரு பெண்ணின் வாழ்க்கையைக் காப்பாற்றுவதாக நினைத்துக்கொண்டு சொன்னாள், இன்றைக்கும் அப்படித்தான் நினைத்துக்கொண்டிருக்கிறாள். சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாள். நான் கேட்டருகே நின்றேன்.

அவர் திரும்பிச் சந்து முனைவரை போனார். அங்கே நின்று சட்டைப் பையிலிருந்து போனை எடுத்து ஒரு நம்பர் அடித்துக் காதில் வைத்தார். வைத்தபடியே தற்செயலாகத் திரும்பினார். என்னைப் பார்த்தார். என் கையில் அவர் வாங்கிக் கொடுத்த போன் இருந்தது. அது ஒலிக்கவில்லை, அதிரவில்லை, அதில் நான் யாருடனும் பேசிக்கொண்டிருக்கவும் இல்லை. அவர் காதில் மட்டும் பிஸி சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. பெட்டியை அங்கேயே விட்டுவிட்டுத் திரும்பி வந்தார்.

போனைக் கேட்டார். கேட்டின் கம்பி வழியாகக் கொடுத்தேன். ஒரு கையில் அதை வைத்துக்கொண்டு மறு கையால் மறுபடி அடித்துப் பார்த்தார். பார்த்துக்கொண்டே நின்றார். பிறகு திரையைத் தொட்டார். மேல் மூலையில் விரலை வைத்தார்.

"இது யாரு பேரு?"

"என் பேரு."

அடிப்பார் என்று நினைத்தேன். அதைவிட, போனை எடுத்துக்கொண்டு போய்விடுவாரோ என்றுதான் பயந்தேன். அவர் அடிக்கவில்லை. குரலைக்கூட உயர்த்தவில்லை. கண் மட்டும் சிவந்துவிட்டது. குனிந்து, என் உயரத்துக்கு முகத்தைக் கொண்டுவந்து கேட்டார்.

"ஒண்ணே ஒண்ணு மட்டும் நெசமாச் சொல்லு பாப்பா. நான் ஒன்ன ஒண்ணும் செய்ய மாட்டேன். அவளுக்குக் கல்யாணம் முடிஞ்சிருச்சா? இல்ல அம்மா கோவத்துல சொல்லுறாகளா?"

இல்லை என்று சொன்னால் பத்திரிகையைக் கேட்பார். ஊருக்கு ஓடுவார். அக்கா திரும்பி வருவாள். எல்லாம் வெளியே வரும், போன் போகும். எனக்கு ஒரு நொடிகூடத் தேவைப்படவில்லை.

"முடிஞ்சிடுச்சி. நான் போட்டோகூட பாத்தேன், நல்லா சிரிச்சிகினு இருந்தாங்க."

அவர் நிமிர்ந்தார். கம்பிக்கு வெளியே நான் ஏற்கெனவே கையை நீட்டி வைத்திருந்தேன். அதில் போனை வைத்துவிட்டுப் போய்ப் பெட்டியை எடுத்துக்கொண்டார். சக்கரம் ஒன்று உடைந்திருந்தது போல, ஹைவே பஸ் நிறுத்தம்வரை அது கரகரவென்று இழுபடுகிற சத்தம் கேட்டது.

திரையில் அவர் விரல் பட்டுக் கறையாகியிருந்தது. பாவாடையில் தேய்த்துத் துடைத்தேன். உள்ளே டிவி மேல் பத்திரிகை நின்றது. மெழுகுவர்த்தி பாதிக்குக் கீழே உருகியிருந்தது. அணையவிடக் கூடாதே என்று ஓடிப்போய்ப் போனைச் சார்ஜில் போட்டேன்.